முள்ளுக்காட்டில் 50 மீட்டரில் மான்: 308-க்கு எந்தத் தோட்டா?

மரிட்ஸ்பர்க் மாறன் | ஜூன் 9

எல்லோருக்கும் வணக்கம். ஜூலைக் கடைசி வாரம் இங்கே தென்னாப்பிரிக்காவில், ஜூலுலாந்தில் ம்குஸே பக்கம் ஒரு பண்ணைக்கு வேட்டைக்குப் போகிறோம், மூன்று பேர். என் பங்குக்கு இரண்டு பெட்டை இம்பாலா மான், ஒரு ஆண் நியாலா மான். பண்ணைக்காரர் போனிலேயே சொல்லிவிட்டார், அங்கே எல்லாம் முள்ளுக்காடு, 80 மீட்டரைத் தாண்டிச் சுடும் வேலையே வராது, பெரும்பாலும் 40, 50 மீட்டரில்தான் மான் கண்ணில் படும் என்று. துப்பாக்கி 308 ரகம், போல்ட் ஆக்‌ஷன், மேலே 3-9 ஸ்கோப்.

பிரச்சினை தோட்டாதான். போன வருடம் 150 கிரெயின் எடை, முனையில் பிளாஸ்டிக் வைத்த குண்டு வாங்கினேன். பேப்பரில் அருமையாக விழுந்தது, 100 மீட்டரில் மூன்று குண்டும் ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தால் மூடிவிடலாம். அதே தோட்டாவால் 45 மீட்டரில் ஒரு இம்பாலாவைச் சுட்டேன், நின்ற இடத்திலேயே விழுந்தது, ரொம்ப சந்தோஷம். தோலை உரித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. குண்டு பட்ட பக்கத்துத் தோள் முழுக்க ரத்தக்கட்டி, ஜெல்லி மாதிரி ஆடுகிறது, அதற்குள் எலும்புச் சில்லும் ஈயத் துணுக்கும். குண்டு அந்தப் பக்கம் வெளியே வரவே இல்லை. முன்பக்கக் கறி பாதி நாய்க்குப் போனது. வெட்டிக் கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, கத்தியைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார், அது போதாதா.

எனக்குச் சொந்த ஊர் தென்காசி. அங்கே 1972 சட்டத்துக்கு அப்புறம் மான்மேல் கை வைத்தால் ஜெயில்தான், அதனால் அப்பா, சித்தப்பா சொல்லிக் கொடுத்து வந்த வித்தை எதுவும் என்னிடம் கிடையாது. இங்கே பிஆர் (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) வாங்கி, பயிற்சி முடித்து, லைசென்ஸ் வாங்கி எல்லாம் நானாகத் தடவித் தடவிக் கற்றதுதான். கடையில் கேட்டால் ஒருவர் 180 எடு என்கிறார், அடுத்த கவுண்டரில் இருப்பவர் இம்பாலாவுக்கு எதற்கு 180, வீண் என்கிறார். கூட வரும் நண்பர் முழுச் செம்புக் குண்டுதான் இனிமேல் எல்லாம் என்கிறார், விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பழைய 150 இன்னும் மூன்று பெட்டி இருக்கிறது, அதையே கழுத்தில் சுட்டுத் தீர்த்துவிடலாமா என்றும் ஒரு யோசனை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


டோங்காட் தாத்தா | ஜூன் 9

தம்பி, உன் துப்பாக்கியிலும் தப்பில்லை, நீ சுட்ட இடத்திலும் தப்பில்லை. வேகம்தான் கறியைக் கெடுத்தது.

308-ல் 150 கிரெயின் குண்டு குழலை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு 860 மீட்டர் அளவில் போகும். 45 மீட்டரில் அந்த வேகம் குறைய நேரமே இல்லை. பிளாஸ்டிக் முனை எதற்கு வைத்தான்? 250, 300 மீட்டருக்கு அப்பால் வேகம் குறைந்த பிறகும் குண்டு விரிய வேண்டும் என்பதற்கு. அங்கே மெதுவாகப் போனாலும் விரிகிற மாதிரி செய்ததை நீ மூக்குக்கு நேரே முழு வேகத்தில் அடித்தால் அது விரியாது தம்பி, வெடிக்கும். தோள் எலும்பு வேறு குறுக்கே வந்தால் சொல்லவே வேண்டாம். காரூ மாதிரி திறந்தவெளியில் ஸ்பிரிங்பக் சுடுகிறவனுக்கு அது நல்ல குண்டுதான், அதை நீ முள்ளுக்காட்டுக்குக் கொண்டுபோனதுதான் வினை.

180 கிரெயின் சாதாரண சாஃப்ட் பாயின்ட் எடு, அதாவது முனையில் ஈயம் உறையில்லாமல் தெரிகிற குண்டு. பெட்டியில் பெரிய படம் எதுவும் போட்டிருக்காத, பழைய மாதிரிக் குண்டு. இந்த நாட்டுக் கம்பெனி பி.எம்.பி.யில் கிடைப்பதே போதும், நான் வருடக்கணக்கில் அதைத்தான் சுட்டேன். கிளம்பும் வேகம் 800 சுற்றிதான் இருக்கும், எடை கூட, அதனால் சிதறாமல் காளான் மாதிரி விரிந்து அப்படியே உள்ளே போய் அந்தப் பக்கம் வெளியே வரும். கிரெயின் என்றால் என்ன என்று என் பேரன் கேட்டான், பழைய தட்டான் கணக்கில் ஒரு குன்றிமணி இரண்டு கிரெயினுக்குக் கொஞ்சம் குறைவு என்றேன், குன்றிமணி என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டான். 180 கிரெயின் 11.7 கிராம், 150 என்றால் 9.7. வித்தியாசம் வெறும் இரண்டு கிராம், ஆனால் உள்ளே அது செய்கிற வேலை வேறு.

இம்பாலாவுக்கு 180 வீண் என்று சொன்னவர் பாதிதான் சொன்னார். மெல்லிய உடம்பு, சரி. ஆனால் நீ நியாலாவும் சுடப் போகிறாய், ஆண் நியாலா நூறு கிலோவைத் தாண்டும். காட்டில் நின்றுகொண்டு பெட்டைக்கு ஒரு தோட்டா, கிடாவுக்கு ஒரு தோட்டா என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது. பெரியதற்கு எது வேண்டுமோ அதை எடு, சின்னது அதற்குள் அடங்கும்.

கழுத்தில் சுடும் யோசனையை விட்டுவிடு. கழுத்து பார்க்கத்தான் அகலம், உள்ளே தண்டெலும்பு உன் இரண்டு விரல் தடிமன். தவறினால் மூச்சுக்குழல் கிழிந்த மானைச் சாயங்காலம் வரை தேடிக்கொண்டிருப்பாய், அந்தப் பாவம் வேண்டாம்.


பிரிட்டோரியா வேலு | ஜூன் 10

தாத்தா சொல்வதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன், ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். செம்புக் குண்டை ஏதோ பணக்காரர் விளையாட்டு மாதிரி ஒதுக்காதீர்கள்.

நான் மூன்று சீசனாக 150 கிரெயின் முழுச் செம்புதான் போடுகிறேன். முனையில் ஒரு துளை இருக்கும், பட்டவுடன் நாலு இதழாக விரியும், ஆனால் துண்டு துண்டாகப் போகாது. எடுத்து நிறுத்துப் பார்த்தால் கிளம்பிய எடை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். ஈயக் குண்டு வழியிலேயே பாதி எடையை உதிர்த்துவிடும் என்பதால்தான் அங்கே 180-ல் ஆரம்பிக்கிறோம், செம்பில் 150 அதே வேலையைச் செய்யும். செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் ஒரே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும், ரொம்பக் கனமாகப் போனால் சில குழல்களுக்கு ஒத்துவராது. கீழே இறங்குங்கள், மேலே ஏறாதீர்கள். விரிவதற்கு வேகம் வேண்டும் என்பது அதன் குறை, 50 மீட்டரில் அந்தக் குறை உங்களைத் தொடாது.

இதற்கு நான் மாறியதன் காரணம் வேறு. 2008-ல் அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு நன்கொடையாக வந்த மான்கறிப் பொட்டலங்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது கணிசமானவற்றில் ஈயத்துகள் இருந்தது. கையில் தட்டுப்படாத அளவுத் துகள், வாயிலும் தெரியாது. எங்கள் வீட்டில் அப்போது மகளுக்கு இரண்டு வயது. மாறன் எழுதிய அந்த ஜெல்லித் தோள் இருக்கிறதே, அதைக் கழுவி உப்புக்கண்டம் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். ஈயக் குண்டு போட்டால் காயத்தைச் சுற்றி ஒரு சாண் தாராளமாக வெட்டி எறியுங்கள், எறிவதையும் குடலையும் புதைத்துவிடுங்கள், வெளியே கிடந்தால் பிணந்தின்னிக் கழுகு தின்று ஈயத்தில் சாகும். ஜூலுலாந்தில் மிச்சம் இருக்கிற கழுகே கொஞ்சம்.

விலை, ஆமாம், வலிக்கும். ஆனால் வருடத்துக்கு எத்தனை மான் சுடுகிறோம்? நாலு. பழகுவதற்கு மலிவுத் தோட்டா, காட்டுக்கு ஒரு பெட்டி செம்பு. இரண்டும் ஒரே இடத்தில் விழாது, அதனால் போவதற்கு முன் ஸ்கோப்பைச் செம்புக்கு ஏற்றுத் திருத்த வேண்டும், அதில் மட்டும் சோம்பல் கூடாது.


புதுத்தோட்டா | ஜூன் 10

கனமான, மொட்டை முனைக் குண்டு என்றால் புதரை உடைத்துக்கொண்டு நேராகப் போகும், அதனால்தான் காட்டுக்கு அது நல்லது என்று கேள்விப்பட்டேனே, அது உண்மையா? அப்புறம் பட்டாளத்துத் தோட்டா மலிவாகக் கிடைத்தால் 308-ல் போட்டு மான் சுடலாமா?


டோங்காட் தாத்தா | ஜூன் 10

முதல் கேள்விக்கு: எல்லோரும் சொல்வது, எவரும் சோதிக்காதது. நாங்கள் ஒருநாள் சோதித்தோம். வேலங்குச்சிகளை வேலி மாதிரி நட்டு, பத்து மீட்டர் பின்னால் அட்டை வைத்து, 308, என் பழைய 7x57, ஒரு நண்பரின் 375 மூன்றையும் சுட்டோம். விரல் தடிமன் குச்சியில் பட்ட குண்டு எதுவாக இருந்தாலும் விலகியது. ஒன்று அட்டையில் படுக்கைவாட்டில் நுழைந்து சாவித் துவாரம் மாதிரி ஓட்டை போட்டிருந்தது. குச்சி மானை ஒட்டியே இருந்தால் தப்பிக்கலாம், நடுவழியில் இருந்தால் எந்தக் குண்டும் துரோகம் செய்யும். இடைவெளி கிடைக்கும் வரை காத்திரு, கிடைக்காவிட்டால் விட்டுவிடு.

இரண்டாவது கேள்விக்கு: கூடாது. பட்டாளத்துக் குண்டு முழுக்க உறை போட்டது, விரியாது, பென்சிலால் குத்தின மாதிரி போய்விடும். மான் ஓடிவிடும், எங்கேயோ போய்ச் சாகும்.

வேலு, செம்பைப் பற்றி நீ சொன்னது சரிதான் அப்பா, எனக்கு எழுபத்தொன்று ஆகிவிட்டது, இனிமேல் மாறுவேனா என்பதுதான் கேள்வி. இந்த 7x57 இருக்கிறதே, 1890-களில் இந்த நாட்டு டச்சு வம்சத்துப் போயர்கள் மவுசரில் போட்டுச் சுட்ட அதே தோட்டா, அன்றைக்கே 173 கிரெயின், நொடிக்கு 700 மீட்டர். இன்றைக்குக் கேட்டால் ஆமை வேகம் என்பார்கள். இந்த ஆமையால் சுட்ட மானில் குண்டு பட்ட ஓட்டை வரைக்கும் கறியைத் தின்னலாம் என்று எங்கள் அப்பா காலத்துக் கரும்புத் தோட்ட ஆட்கள் சொல்வார்கள். நீ ஈயத்தைச் சொன்ன பிறகு இனி அப்படித் தின்ன யோசனையாக இருக்கிறது.


மோக்கா மணி | ஜூன் 11

மொரிஷியஸிலிருந்து எழுதுகிறேன். மாறன் அண்ணா, நீங்கள் அங்கே மான் மான் என்று சொல்வதெல்லாம் இரலை இனம், கொம்பு உதிராது. எங்கள் ஊரில் இருப்பது அசல் மான், 1639-ல் டச்சுக்காரன் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டது. கிடா நூறு கிலோவுக்குப் போகும், உங்கள் நியாலா அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில்தான் எங்களுக்கும் வேட்டை, இங்கே லாஷாஸ் என்போம். ஆட்கள் ஒரு பக்கமிருந்து விரட்டி வருவார்கள், நாங்கள் மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருப்போம், மான் 30, 40 மீட்டரில் ஓட்டமும் நடையுமாகக் கடக்கும்.

அந்த அனுபவத்தில் இரண்டு விஷயம் சொல்கிறேன், மேலே யாரும் சொல்லவில்லை. ஒன்று, குண்டு அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், நானும் சொல்வேன், இரண்டு ஓட்டை இருந்தால்தான் ரத்தம் தரையில் விழும், அடர்ந்த காட்டில் அது இல்லாமல் தேட முடியாது. ஆனால் வெளியே வந்த குண்டு எங்கே போகிறது? பின்னால் இன்னொரு மான் நின்றால் அதன் குடலில் போகும். இம்பாலா கூட்டமாகத்தான் நிற்கும் என்று கேள்வி, அப்படியானால் 180-ஆ செம்பா என்பதைவிடப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் உங்களுக்குப் பெரிய வேலை. எங்களுக்கோ பின்னால் விரட்டுகிற ஆட்கள் இருப்பார்கள், அதனால் பரணிலிருந்து கீழ்நோக்கி, மண்ணைப் பின்னால் வைத்துத்தான் சுடுவோம்.

இரண்டு, உங்கள் 3-9 ஸ்கோப்பைக் காட்டுக்குள் நுழையும்போதே 3-ல் வைத்துவிடுங்கள். என் மைத்துனர் 9-ல் வைத்துக்கொண்டு 35 மீட்டரில் பார்த்தார், கண்ணாடி முழுக்க மயிர்தான் தெரிந்தது, எது தோள் எது தொடை என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் மான் கரும்புக்குள் போய்விட்டது. வீட்டில் அன்றைக்கு மான்கறிக்கு மசாலா அரைத்து வைத்திருந்தார்கள், கோழிதான் வாங்கிப் போனோம்.


மரிட்ஸ்பர்க் மாறன் | ஜூன் 12

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம் மிச்சம். ஸ்கோப்பை 100 மீட்டருக்கு ஸீரோ செய்திருக்கிறேன், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும். 40 மீட்டரில் சுடப் போவதால் 50-க்கு மாற்றணுமா?


பிரிட்டோரியா வேலு | ஜூன் 12

வேண்டாம். ஸ்கோப் குழலுக்கு மேலே ஒரு 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 100-க்கு ஸீரோ செய்த 308, 180 கிரெயினில், 50 மீட்டரில் ஏறக்குறையக் குறி வைத்த இடத்திலேயே விழும். 25 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே, 10 மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் கீழே. மானின் நெஞ்சுக்கு இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. பத்து மீட்டரில் அடிபட்டுக் கிடக்கிற மானுக்குக் கடைசிக் குண்டு போடும்போது மட்டும் அந்த மூன்று சென்டிமீட்டர் ஞாபகம் இருக்கட்டும்.

குறி எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன், அமெரிக்க வீடியோ பார்த்து வருகிறவர்கள் தோளுக்குப் பின்னால் என்று பழகியிருப்பார்கள். இங்கே ஆப்பிரிக்க மான்களுக்கு இதயம் முன்னால் தள்ளி, தாழ்வாக இருக்கிறது. பக்கவாட்டில் நின்றால் முன்னங்கால் கோட்டிலேயே மேலே போய், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். கொஞ்சம் மேலே போனாலும் நுரையீரல் இருக்கிறது. பின்னால் போனால்தான் கஷ்டம்.

அப்புறம் எதை வாங்கினாலும் பெட்டியில் இருக்கும் லாட் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டெடிகேட்டட் ஹன்டர் (வேட்டைச் சங்கத்தில் பதிந்த வேட்டைக்காரர்) அந்தஸ்து இல்லாவிட்டால் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, உங்களிடம் ஏற்கெனவே 60 இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். பண்ணைக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.


மரிட்ஸ்பர்க் மாறன் | ஆகஸ்ட் 3

போய் வந்தாயிற்று. யோசித்து யோசித்துக் கடைசியில் தாத்தாவின் 180 சாஃப்ட் பாயின்ட்தான் எடுத்தேன், செம்பு கடையில் 308-க்கு அன்றைக்கு இல்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பழைய பிளாஸ்டிக் முனையை எல்லாம் ரேஞ்சில் பேப்பரில் சுட்டுத் தீர்த்தேன். 180 என் துப்பாக்கியில் அவ்வளவு நெருக்கமாக விழவில்லை, 100 மீட்டரில் மூன்று குண்டும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள், அவ்வளவுதான். முதலில் மனசு ஒப்பவில்லை.

இரண்டாம் நாள் காலை ஏழரை மணி. பனி இன்னும் புல்லில் இருக்கிறது. கூட வந்த வழிகாட்டி ஜூலுக்காரர், வயதானவர், திடீரென்று உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வேலமரத்து நிழல்தான் தெரிகிறது. அப்புறம் அந்த நிழலுக்குக் கீழே நாலு மஞ்சள் கால் தெரிந்தது. ஆண் நியாலாவுக்கு உடம்பு கறுப்பு, கால் மட்டும் மஞ்சள் என்று படித்திருக்கிறேன், ஆனால் காலை முதலில் பார்த்து மானை அப்புறம் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. முன்னால் ஒரு கிளை குறுக்கே இருந்தது. குச்சி வேலி கதை ஞாபகம் வந்தது, காத்திருந்தேன். இரண்டு எட்டு எடுத்து வைத்தது, தோள் இடைவெளிக்கு வந்தது, சுட்டேன்.

விழவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு ஒரே பாய்ச்சல், காட்டுக்குள் மறைந்தது. எனக்குக் கை நடுங்குகிறது, போன வருடம் நின்ற இடத்தில் விழுந்ததே, இது ஓடுகிறதே, 180 வேண்டாம் என்று சொன்னவர் சரிதானோ என்றெல்லாம். பெரியவர் பதினைந்து நிமிடம் என்னை எழுந்திருக்கவே விடவில்லை. அப்புறம் போய்ப் பார்த்தால் புல்லில், முழங்கால் உயரத்தில், தடத்துக்கு இரண்டு பக்கமும் ரத்தம். இளஞ்சிவப்பாக, நுரையோடு. அவர் ஒரு புல்லைக் கிள்ளி என்னிடம் காட்டிவிட்டுச் சிரித்தார். நாற்பது அடி கூடப் போகவில்லை, ஒரு புதருக்குள் முகம் புதைந்து கிடந்தது. திரும்பி வரும்போது நான் நின்று சுட்ட இடம்வரை காலடி எண்ணினேன், 52.

உரித்தபோது உள்ளே போன ஓட்டை சுண்டுவிரல், வெளியே வந்தது எலுமிச்சம்பழம். கெட்டுப்போன கறி இரண்டு கைப்பிடி. வேலு சொன்னபடி இன்னும் ஒரு சாண் வெட்டிக் குடலோடு புதைத்தோம், அதைப் பார்த்துக் கசாப்புக்காரர் முகம் சுளித்தார், இந்தத் தடவை வேறு காரணத்துக்கு.

இம்பாலா ஒன்றுதான் கிடைத்தது. மணி, உங்கள் பேச்சால் வந்த நஷ்டம் அது. 60 மீட்டரில் ஒரு பெட்டை பக்கவாட்டில் நின்றது, நேர் பின்னால் இன்னும் இரண்டு. இருபது நிமிடம் துப்பாக்கியைக் குச்சியில் சாய்த்துக்கொண்டே நின்றேன், ஒன்று நகர்ந்தால் இன்னொன்று வந்து நிற்கிறது, உண்ணி ஒன்று கழுத்தில் ஏறுவது தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை, கடைசியில் கூட்டம் முழுக்கப் போய்விட்டது.

ஃப்ரீஸரில் இப்போது முப்பது கிலோவுக்கு மேல் கறி இருக்கிறது, புரட்டாசிக்கு முன்னால் காலி பண்ணு என்று மனைவி தினமும் காலண்டரைக் காட்டுகிறாள். நியாலாத் தொடையை டர்பன் மசாலாவில் போட்டால் வேகவே மாட்டேன் என்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.


டோங்காட் தாத்தா | ஆகஸ்ட் 3

கிழட்டுக் கிடா தம்பி அது, வேகாது. பப்பாளிக்காய் அரைத்துப் பூசி ராத்திரி முழுக்க வை. தொடையைக் கறிக்கு எடுத்தது தப்பு, அதைப் பில்டோங்குக்கு (இந்த ஊர் உப்புக்கண்டம்) வெட்டித் தொங்கவிடு, ஆகஸ்ட் காற்று காய்ந்த காற்று, அஞ்சு நாளில் ஆகிவிடும். அரை கிலோ எனக்கு.